மாலின் 1

பெரனிசின் கூந்தல் விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 119 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள சுருள் பேரடை. இதன் வட்டு சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு அகலம். நம் பால்வீதியைப்போல ஆறு மடங்குக்கு மேல். இத்தனை பெரிய உருவம் 1986 வரை யார் கணக்கிலும் வரவில்லை. காரணம், நிலவில்லா இரவில்கூட வானத்துக்கென்று ஒரு மெல்லிய வெளிச்சம் உண்டு. மாலின் 1 வட்டின் ஒளி அதில் சில விழுக்காடுதான்.

கண்டுபிடிப்பின் பெருமை இருட்டறைக்கே உரியது. இங்கிலாந்தில் பிறந்து வேதியியலாளராகப் பணியாற்றிய டேவிட் மாலின், 1975இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். அன்று வான்படங்கள் பதிவான கண்ணாடித் தகட்டில் மிக மங்கலான ஒளியின் பதிவு மருந்துப் படலத்தின் மேல்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. தேவையற்ற கறையோ படலம் முழுக்கப் பரவியிருக்கிறது. பரவல் ஒளியில், கூடுதல் கான்ட்ராஸ்டில் காண்டாக்ட் பிரிண்ட் (தகட்டோடு ஒட்டவைத்து எடுக்கும் பிரதி) எடுத்தால் மேல்பரப்பு மட்டும் துலங்கும் என்று அவர் கண்டார். அப்படி எடுத்த பல பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், அதுவரை வெற்றிடமாகத் தோன்றிய இடங்களிலும் உருவங்கள் தெரிந்தன. கணினிப் படங்கள் வருமுன், வானியலுக்கு இதைவிடச் சிக்கனமாகக் கிடைத்த கருவி அரிது.

வானியலாளர்கள் கிரெக் போத்துன், கிறிஸ் இம்பி, ஜெரமி மூல்ட் ஆகியோர் மாலினுடன் சேர்ந்து தேடியது கன்னிப் பேரடைக் கொத்தின் குள்ளப் பேரடைகளை. கொத்து இருப்பது சுமார் 5.4 கோடி ஒளியாண்டில். அகப்பட்ட மங்கல்களுள் ஒன்றின் நிறமாலை, வினாடிக்கு 24,700 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் அது விலகுவதைக் காட்டியது. விலகும் வேகம் கூடினால் தொலைவும் கூடுதல். கொத்தைத் தாண்டி இருபது மடங்குக்கும் அப்பால் இருந்தது அந்தக் ‘குள்ளன்’! 1987இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலும் மாலின் 1-இன் ஹைட்ரஜன் பதிவானது. வாயுவின் நிறை சூரியனைப்போல ஏறத்தாழ 7,000 கோடி மடங்கு என்று பிற்கால அளவீடுகள் சொல்கின்றன. இவ்வளவு வாயு இருந்தும் அது மிக மெல்லியதாகப் பரவியிருப்பதால் விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன.

2007இல் ஹபிள் படங்களை ஆராய்ந்தபோது, மங்கல் வட்டின் நடுவே சாதாரணமான பட்டைப் பேரடை ஒன்று தெரிந்தது. சுருள் கைகளைத் தெளிவாகக் காட்டியது சிலியின் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கி, ஆண்டு 2015. வேறொரு பேரடையுடன் மோதியதால் வட்டு விரிந்தது என்பாரும் உளர். யாரும் தொந்தரவு செய்யாமல் நெடுங்காலம் மெல்ல வளர்ந்தது என்பாரும் உளர். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்கலமும் இதைப் புறஊதாக் கதிரில் படம்பிடித்துள்ளது.