ஒரு நாளுக்கு ஒரு கட்டடம்

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் விளையாட்டுத் தொடரில் கஜானா, படைமுகாம், மந்திரக் கூடம், அரண் ஆகிய அனைத்தும் நகரத்துக்குள்தான் இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் முறை வைத்து ஆடும் இந்தக் கற்பனை உலகப் போர் விளையாட்டில் ஒரு முறை ஒரு நாளாகும். ஏழு நாள் ஒரு வாரம், நான்கு வாரம் ஒரு மாதம். ஒரு நகரத்தில் ஒரு நாளில் ஒரு கட்டடம்தான் எழுப்பலாம். படையில் சேர்க்கக் கிடைக்கும் வீரர்கள் வாரப் பிறப்பன்றுதான் பெருகுவார்கள். செல்வம் எவ்வளவு இருந்தாலும் நாளை விலைக்கு வாங்க முடியாது என்ற இந்த ஏற்பாடே தொடரின் நகர ஆட்சிக்கு அடித்தளம். அதைத் தொட்ட மாற்றங்களே தொடரின் வரலாற்றில் பெரிய மாற்றங்களும் ஆயின.

இதன் வேர் 1990இல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் வெளியிட்ட கிங்ஸ் பவுன்டியில் இருக்கிறது. ஜான் வான் கேனகெம் வடிவமைத்த அந்த விளையாட்டில் ஆட்டக்காரருக்கு ஆள்வதற்கென்று நகரம் கிடையாது. ஊர்களில் படகு வாடகைக்குக் கிடைக்கும். மந்திரமும் முற்றுகைக் கருவியும் வாங்கலாம். வீரர்களோ பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் சிதறிக் கிடந்த குடியிருப்புகளில் இருந்தார்கள். ஆனால் வாரம் பிறக்கும்போது இது எந்த உயிரினத்தின் வாரம் என்று சோதிடர்கள் அறிவிப்பதும், அந்த இனத்தின் குடியிருப்புகள் மீண்டும் நிரம்புவதும் அங்கேயே தொடங்கிவிட்டன. நகரம் வருவதற்கு முன்பே நாட்காட்டி வந்துவிட்டது.

1995இல் வந்த முதல் ஹீரோஸ், சிதறிக் கிடந்த அந்தக் குடியிருப்புகளைக் கோட்டைச் சுவருக்குள் கொண்டுவந்தது. வீரர், காட்டுமிராண்டி, சூனியக்காரி, மந்திரவாதி என்று நான்கு வகைக் கோட்டைகள். ஒவ்வொன்றிலும் ஆறு வகைப் படையினர். கோட்டை நாளொன்றுக்கு 1000 பொன் தரும். மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் ஆகியவற்றை வெளியே சுரங்கங்களைப் பிடித்துத்தான் பெற வேண்டும். 1996இல் வந்த இரண்டாம் பாகம் மேலும் இரண்டு கோட்டை வகைகளைச் சேர்த்தது. குடியிருப்பை மேம்படுத்தினால் படையினரும் மேம்பட்ட வடிவம் பெறும் வழக்கமும் அதிலிருந்துதான் வந்தது. இந்த இரு பாகங்களிலும் ஊர்க்கிணறு கட்டினால் ஒவ்வொரு வகைப் படையிலும் வாரத்துக்கு இரண்டு பேர் கூடுதலாக வருவார்கள். கூட்டமாக வரும் எளிய வீரர்களுக்கு இந்த இரண்டு ஒரு பொருட்டே இல்லை. வாரத்துக்கு ஒன்றாக வந்த டிராகன் மூன்றாகப் பெருகும்போதுதான் கிணற்றின் உண்மையான மதிப்பு தெரியும்.

1999இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில் இந்த ஆட்சிமுறை முழுமை பெற்றது. நகர வகைகள் எட்டாயின. அதே ஆண்டு வந்த துணைத்தொகுப்பு ஒன்பதாவதைச் சேர்த்தது. வருவாய் படிப்படியாக ஏறியது. கிராம மன்றம் நாளுக்கு 500 பொன், நகர மன்றம் 1000, மாநகர மன்றம் 2000, நாட்டுக்கு ஒன்றே அனுமதிக்கப்பட்ட கேப்பிடல் 4000. இந்தப் படிகளைக் கட்ட முறையே 2500, 5000, 10000 பொன் தேவை. கூடுதல் வருவாயோடு ஒப்பிட்டால், எந்தப் படியானாலும் போட்ட பொன் ஐந்தே நாளில் திரும்பிவிடும். எந்த நிலையிலும் மேலே ஏறுவது லாபம்தான். தடை வேறு இடத்தில் இருந்தது. மாநகர மன்றத்துக்கு மந்திரக் கூடம், சந்தை, கொல்லுப்பட்டறை ஆகிய மூன்றும் முன்பே நிற்க வேண்டும். கேப்பிடலுக்கு முழுக் கோட்டை வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்றுவிடும்.

கிணற்றின் இடத்தை இதில் அரண்கள் பிடித்தன. சிட்டடல் கட்டினால் வாரப் பெருக்கம் பாதி கூடும். கோட்டை முழுமையானால் இரட்டிப்பாகும். 14 ஈட்டிக்காரர்கள் 28 ஆவார்கள், ஒரு தேவதூதர் இருவராவார். எளியவருக்கும் வலியவருக்கும் உள்ள விகிதம் கெடாத இந்தக் கணக்கு கிணற்றைவிட நியாயமானது. புதிதாகக் கட்டிய குடியிருப்பு அன்றே வீரர்களைத் தந்துவிடும். பெருக்கமோ வாரம் திரும்பும்போதுதான் கணக்கிடப்படும். ஆகவே நாள்தோறும் சேரும் வருவாய்க்கான மன்றங்களை வாரத் தொடக்கத்திலும், அரண்களையும் குடியிருப்புகளையும் ஏழாம் நாளுக்குள்ளும் கட்டுவது தேர்ந்தவர்களின் வரிசையாயிற்று. தேவதூதருக்கான மாடத்துக்கே 20000 பொன் வேண்டியிருந்ததால் அந்த வரிசையும் அடிக்கடி முறியும். எதிரி நெருங்கினால் கேப்பிடலை மறந்துவிட்டு ஈட்டிக்காரர்களை வாங்கத்தான் வேண்டும். நகரங்களின் தனித்தன்மையும் வரிசையை மாற்றியது. ராம்பார்ட்டின் கருவூலம் வாரந்தோறும் கையிருப்புப் பொன்னுக்கு வட்டி தரும். நெக்ரோபோலிஸில் பெரும்பாலான உயிரினங்களை எலும்புக்கூடுகளாக மாற்றலாம். ஸ்ட்ராங்ஹோல்டின் மந்திரக் கூடம் மூன்றாம் தளத்தோடு நின்றுவிடும்.

2002இல் வந்த நான்காம் பாகம் துணிந்து அடித்தளத்திலேயே கைவைத்தது. வீரர்கள் வாரப் பிறப்புக்குக் காத்திராமல் அன்றாடம் பெருகினார்கள். இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரை ஒவ்வொன்றிலும் இரு குடியிருப்புகளில் ஒன்றை மட்டுமே கட்ட முடியும். இந்தத் தேர்வு நல்ல சிந்தனை. ஒரே வகை நகரங்கள் இரண்டு, இரு வேறு படைகளைத் தரலாம். ஆனால் வாரத்தின் ஏழாம் நாளுக்கு இருந்த பரபரப்பு மறைந்தது. தொலைவிலிருந்து வீரர்களைத் தருவிக்கும் வணிகச் சாத்து முறையும் இதில்தான் அறிமுகமாயிற்று.

வெளியீட்டாளரான 3டிஓ 2003இல் திவாலாகி, உரிமை 13 லட்சம் டாலருக்கு யூபிசாஃப்ட்டிடம் போனது. ரஷ்யாவின் நிவால் உருவாக்கிய ஐந்தாம் பாகம் 2006இல் வாரப் பெருக்கத்தை மீட்டது. நகரத்துக்கே நிலை வகுத்து, அந்த நிலையை எட்டினால்தான் பெரிய கட்டடங்கள் என்றும் விதித்தது. ஹங்கேரியின் பிளாக் ஹோல் 2011இல் தந்த ஆறாம் பாகத்தில் வளங்கள் ஏழிலிருந்து நான்காகக் குறைந்தன. எல்லா நகரங்களின் வீரர்களையும் ஒரே இடத்தில் திரட்டிக்கொள்ளலாம்; பிடித்த நகரத்தைத் தன் வகைக்கே மாற்றலாம். நிர்வாகம் எளிதானது, ஆனால் எல்லைப்புற நகரத்துக்கும் தலைநகருக்கும் இருந்த வேறுபாடு கரைந்தது. ஜெர்மனியின் லிம்பிக் 2015இல் வெளியிட்ட ஏழாம் பாகம், ஒன்றைக் கட்டினால் மற்றொன்றை இழக்கும் தேர்வை மீண்டும் கொண்டுவந்தது.

அதே 2015இல் மூன்றாம் பாகத்தின் புதுப்பித்த பதிப்பும் துணைத்தொகுப்புகள் இல்லாமல் வெளிவந்தது. அதற்குள் அந்த விளையாட்டு ரசிகர்கள் கைக்குப் போயிருந்தது. ரசிகர்கள் உருவாக்கி 2011 முதல் வெளியிட்டுவரும் ஹார்ன் ஆஃப் தி அபிஸ் என்ற விரிவாக்கம், கடற்கொள்ளையரின் கோவ் நகரத்தையும் பின்னர் ஃபேக்டரி நகரத்தையும் சேர்த்தது. இரண்டிலும் கட்டடங்களும் படைகளும் புதியவை. நாளுக்கு ஒரு கட்டடமும் வாரப் பெருக்கமும் 1999இல் இருந்தபடியே இருக்கின்றன.