கோடி போகும் வழியே: ஆரணிப் பக்கத்து கிராவல் பாதைகள்

"கிராவல் பைக்கிங்" சைக்கிள்காரர்களுக்கு வேணும்னா புதுச் சொல்லாக இருக்கலாம். "கிராவல்" நம்ம ஊருக்குப் பழசு. கிராவல் ரோடு, கிராவல் லோடு, ஏரியில் வண்டலும் கிராவலும் எடுக்க அனுமதின்னு ஆரணி தாலுகாவில் தினமும் புழங்குகிற வார்த்தைதான்.

இந்த சைக்கிளுக்கு ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார். டயர் மட்டும் 35 முதல் 50 மி.மீ. அகலம். தார் ரோட்டிலும் ஓடும், சரளை மண்ணிலும் ஓடும். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006இல் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் இந்த விளையாட்டை உலகத்துக்குத் தெரிய வைத்தது. இப்போது அதன் பெயர் "அன்பவுண்ட் கிராவல்". அங்கே இத்தனை மண் சாலைகள் இருக்கக் காரணம் 1785இல் வந்த நில அளவைச் சட்டம். நாட்டை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்தார்கள். பின்னால் அந்தக் கோடுகளின் மேலேயே ரோடு போட்டார்கள்.

நம்ம பக்கம் அப்படி நேர்க்கோடு கிடையாது. சேவூரைச் சுற்றியுள்ள பகுதியை சாட்டிலைட் படத்தில் பாருங்கள். பிறை பிறையாக மண் கோடுகள் தெரியும், எல்லாம் ஏரிக்கரைகள். சைக்கிளுக்கு அருமையான பாதை. ஆனால் ஒன்றுகூட பாதைக்காகப் போட்டதில்லை. இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதே அதுதான்: இங்கே ரூட் போட வேண்டுமென்றால் ரோடு மேப்பை விட தண்ணீர் போகும் வழியைத்தான் படிக்கணும்.

ஜவ்வாது மலையில் இருந்து இறங்கும் தண்ணீர் கமண்டல நாகநதியாக ஆரணியைத் தொட்டுக்கொண்டு செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிற ஆறு. அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு, மழைத் தண்ணீரை ஊர் ஊராகத் தேக்கினார்கள். மேல் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறி, ஓடை பிடித்து, கீழ் ஏரிக்குப் போகும். "ஏரி கோடி போவுது" என்று நம்ம ஊரில் சொல்வது இதைத்தான். கரை மேல் சைக்கிளில் போனால் மதகுகளைத் தாண்டி, கரையின் கோடியில் கலிங்கில் இறங்க வேண்டியிருக்கும். அங்கிருந்து ஓடையை ஒட்டிய வண்டிப்பாதையில் போனால் பெரும்பாலும் அடுத்த கரையில் ஏறலாம்.

இந்தக் கலிங்குகளுக்கு எவ்வளவு வயசு? ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், வடமாதிமங்கலம் பக்கத்தில் இருக்கிறது திருமலை. ராஜேந்திர சோழன் கங்கை வரை போன கதையைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருப்பதால் வரலாற்றுப் புத்தகங்களில் பேர் வாங்கிய சமண மலை. அதே மலையில் சின்னதாக இன்னொரு கல்வெட்டும் இருக்கு. முதலாம் ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 1005–06. குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி ஒரு கலிங்கு கட்டி, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்ற ஆசிரியரின் பெயரை வைத்தார் என்பதுதான் செய்தி. 1890இல் ஹூல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இரண்டுமே இருக்கின்றன. கங்கைக் கல்வெட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, கலிங்குக் கல்வெட்டைப் பேசுவோர் குறைவு. எல்லாம் துறந்த ஒரு முனிவர், ஓர் ஆசிரியரின் பெயர் நிலைக்கணும் என்று நினைத்தபோது தேர்ந்தெடுத்தது ஏரியின் உபரித் தண்ணீர் போகும் வாசலை. அன்றைக்கு அதன் மதிப்பு என்னவென்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நீர்நிலத்தில் மேட்டுப் பாதை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சாட்சி 1751 டிசம்பர் 3 ஆரணிப் போர். ஆற்காட்டு முற்றுகையில் தப்பிய ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் ஆரணி அருகே எதிர்கொண்டான். வடகிழக்குப் பருவமழைக் காலம். கிளைவின் படைக்கு முன்னால் சேறும் தண்ணீருமாக நெல் வயல். பிரெஞ்சுப் பீரங்கிகள் வர வேண்டுமென்றால் வயலுக்கு நடுவே போன ஒரு ஒடுங்கிய மேட்டு வழிதான் கதி. அதில் வரிசையாக வந்தவர்கள் சுடுவதற்கு வசதியான இலக்கானார்கள். ஜெயித்தது கிளைவ். டிசம்பரில் இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டினால், கரையை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்பது உடனே புரியும்.

சரி, கரையை யார் பார்த்துக்கொண்டார்கள்? பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்ற தனிக் குழுவையே சொல்கின்றன. பிற்காலத்தில் அது குடிமராமத்து: பாசனம் பெறுகிற வீட்டார் ஆளுக்கு இத்தனை நாள் மண் வேலை. வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் அதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கப் பார்த்தது சென்னை அரசாங்கம். 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு ஏரிக்கும் கரையின் நீளம், மதகு, கலிங்கு எல்லாவற்றையும் அளந்து குறிப்பேடு எழுதினார்கள். இன்றைக்கு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். 2017இல் குடிமராமத்து என்ற பெயரும் அரசுத் திட்டமாகத் திரும்பி வந்தது.

இனி ரூட். சேவூரில் கிளம்பி, களம்பூர் வரை வந்து, தெற்கே திருமலை. அங்கிருந்து வடமேற்கே சந்தவாசல் போனால் படவேடு பள்ளத்தாக்கின் வாசல். 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகரத்துக் குமார கம்பணன் அவர்களை வென்ற பிறகும் படைவீட்டு ராஜ்யம் என்றே இந்தப் பகுதி அழைக்கப்பட்டது. இன்றைக்கு ரேணுகாம்பாள் கோயில், வாழைத் தோப்புகள், மூணு பக்கமும் மலை. மேலே கமண்டல நதியின் குறுக்கே செண்பகத்தோப்பு அணை. கீழே சேவூர் வரை பார்த்த தண்ணீரின் தலைமடை இதுதான். அதற்கு மேல் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

போக நல்ல நேரம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏரியில் தண்ணீர் இருக்கும், கரை காய்ந்திருக்கும். சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், பங்க்சர் கிட் கட்டாயம். மழை பெய்த மறுநாள் கரையில் ஏறவே வேண்டாம். ஈரக் கரையில் டயர் போட்ட தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, கரையை அரிக்கும். கலிங்கில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறுங்கள்.

தூக்கி இறக்குவது தொந்தரவுதான். அங்கே சிமெண்ட் சரிவு போட்டு, கரை முழுக்க தாரும் போட்டுவிட்டால் சைக்கிளுக்கு மட்டுமில்லை, பாவும் ஊடையும் வண்டியில் கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போகிற நெசவாளருக்கும் சௌகரியம் என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கு. ஆனால் கலிங்கின் மட்டத்தை ஒரு அடி ஏற்றினால் மேல்பக்கத்து நிலம் முழுகும். அடைத்தால் கரை உடையும். இறக்கினால் ஏரி கொள்ளும் தண்ணீர் குறையும், கடைமடைக்காரனுக்குப் பயிர் காயும். ரோட்டுக்கு வசதியானது ஏரிக்கு வசதியாக இருக்கணும்னு இல்லை.

நான் செய்துகொண்டிருப்பது சின்ன வேலை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இந்தக் கரைகள் பல இடத்தில் வெறும் மண் பாதையாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன, சில இடத்தில் இல்லவே இல்லை. அவற்றை ஏரிக்கரை என்றே குறித்து, ஏரியின் பெயர், மதகு, கலிங்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். ரூட் ஃபைலை இறக்கி ஓட்டுகிறவர் எதன் மேல் ஓட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஓட்டலாம். உங்க ஊர் ஏரியின் பெயரும் கலிங்கு இருக்கும் திசையும் தெரிந்தால் நீங்களும் சேர்க்கலாம். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும்.