செவியறிவும் தொழிலுரிமையும்: பியானோவுக்குச் சுருதி சேர்த்தோர் பற்றிய ஒரு குறிப்பு

பியானோவின் வரலாற்றை எழுதியோர் இசையமைப்பாளரையும் வாசித்தோரையும் உற்பத்தி நிறுவனங்களையும் விரிவாகப் பேசியுள்ளனர். ஏறத்தாழ 230 கம்பிகளையுடைய அவ்வாத்தியத்தை வாசிப்புக்கேற்ற நிலையில் வைத்திருந்த தொழிலாளரோ பெரும்பாலும் அடிக்குறிப்போடு நின்றுவிட்டனர். அவர்தம் செவியறிவு எத்தகையது, அது யாருடைய அறிவாகக் கொள்ளப்பட்டது என்பதையே நாம் ஈண்டு நோக்குவோம்.

குரல்–இளி (ச–ப) உறவில் 12 தடவை தூயனவாக மேற்சென்றால், ஏழு ஸ்தாயிகளைக் கடந்து அரைச்சுரத்தின் ஏறத்தாழக் காற்பங்கு மிகுந்துவிடும். சமபங்கு முறையில் இம்மிகை பன்னிரண்டு உறவுகளுக்கும் பகிரப்படுகின்றது. ஒவ்வோர் இளியும் சற்றே தாழ்த்தப்படுகின்றது. எவ்வளவு தாழ்த்துவது? செக்கனுக்கு 220 அதிர்வுடைய கம்பியையும் அதன் இளியையும் ஒருங்கே ஒலிப்பித்தால், இரண்டின் மேற்சுரங்களும் 660 அளவில் மோத, ஒலி பெருகியும் தணிந்தும் வரும். இவ்வடிப்புகள் நான்கு செக்கனுக்கு ஏறத்தாழ மூன்றாக அமையும்வரை ஆணியைத் திருப்புதல் வேண்டும். சுருதிக்கவை தொடக்கச் சுரத்தை மட்டுமே தரும். எஞ்சியவற்றைத் தீர்மானிப்பது செவியே.

இதற்குக் கண்பார்வை இன்றியமையாததன்று. எனினும் அதனைப் போராடியே நிறுவ வேண்டியிருந்தது. பாரிஸ் பார்வையற்றோர் கல்வி நிறுவனத்தில் பயின்ற குளோட் மொந்தால் (1800–1865), சக மாணவர் ஒருவருடன் அங்கிருந்த பியானோவுக்குச் சுருதி சேர்க்க முற்பட்டார். பார்வையுடைய தொழிலாளர் முறையிடவே, வாத்தியத்தைத் தொடுவதும் தடுக்கப்பட்டது. தொழிலாளரே தொழிலாளருக்குத் தடையான இந்நிலை கவனத்துக்குரியது. போட்டி அச்சம் வர்க்க உறவையும் மறைத்துவிடுகின்றது. இருவரும் பழைய பியானோ ஒன்றைப் பெற்று, அக்குவேறாகக் கழற்றி, பழுதுபார்த்து, மீளப் பூட்டினர். அதன் பின்னரே நிறுவனத்தின் வாத்தியங்கள் அவர்கள் பொறுப்பில் விடப்பட்டன. 1836இல் மொந்தால், பியானோ உடையோர் தாமே அதற்குச் சுருதி சேர்க்கும் கலையை விளக்கி நூலொன்றை வெளியிட்டார். தம் பிழைப்புக்கு ஆதாரமான அறிவையே அவர் பொதுவில் வைத்தார் என்பது வியப்புக்குரியது. பின்னர் அவர் பியானோ உற்பத்தியாளராகவும் விளங்கினார்.

இங்கிலாந்தின் நிலை சற்று வேறானது. 1840இல் புறோட்வூட் நிறுவனத்திற் பதினான்கு வயதிற் பயிலுநராகச் சேர்ந்த அல்பிரட் ஹிப்கின்ஸ், 1846இல் அங்கு சுருதி சேர்ப்போருக்குச் சமபங்கு முறையைக் கற்பித்தார். அடிப்புகள் பற்றிய ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெருநூல் வெளிவந்தது 1863இலேதான். அந்நூலை ஆங்கிலத்திற் பெயர்த்த அலெக்சாண்டர் எலிஸ், ஸ்தாயியை 1200 கூறுகளாக்கிப் பல நாட்டுச் சுரவரிசைகளை ஒப்பிட்ட ஆய்வை 1885இல் வெளியிட்டார். இசையியலார் இன்றும் அவ்வலகையே கையாளுகின்றனர். எலிஸுக்கோ நுண்ணிய இசைச்செவி வாய்க்கவில்லை. அவ்வளவீடுகளுக்குத் துணைநின்றது ஹிப்கின்ஸின் செவி.