பஞ்சு மிட்டாயும் ஒரு மாத்திரையின் வரலாறும்

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கட்டபொம்மனைப் பத்திப் பதிவுன்னு நினைச்சு வந்திருந்தா மன்னிக்கவும். இது திருவிழாக் கடையில வாங்குன பஞ்சு மிட்டாய் கிளப்பிவிட்ட ஞாபகம்.

கற்கண்டும் சீனிதான், பஞ்சு மிட்டாயும் சீனிதான். கற்கண்டைக் கன்னத்துல அடக்கிக்கிட்டு கோட்டையையே சுத்தி வந்துரலாம். பஞ்சு மிட்டாய் நாக்குல பட்டதும் காணாமப் போயிரும். இழை மெலிசுங்கறது ஒரு காரணம். இன்னொண்ணு, கற்கண்டில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன. அந்த அணியை உடைச்சாத்தான் கரையும். பஞ்சு மிட்டாயில் அணியே கிடையாது, திருவிழாக் கூட்டம்தான். ஆனா ஈரக்காத்து பட்டா சுருங்கி மறுபடி படிகமாயிரும்.

மருந்துக்கும் இதே பாடுதான். கரையாத மருந்து ரத்தத்துல சேராது. 1961-ல் ஜப்பானின் செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதையசோலை யூரியாவோடு சேர்த்து உருக்கி, ஆறவைத்துப் பொடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் யூரியாவுக்குப் பதில் பாலிமரைப் பிடித்தார்கள். நீளச் சங்கிலி மூலக்கூறு. மருந்துக்கு நடுவுல புகுந்து நின்னு, அணி சேர விடாது.

இதோட அருமை 1998-ல் தெரிஞ்சது. எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர், 1996-ல் அபாட் கம்பெனி கொண்டுவந்தது. கேப்சூலுக்குள் மருந்து கரைஞ்ச நிலையில் இருக்கும். ரெண்டு வருஷம் ஒழுங்கா ஓடுச்சு. திடீர்னு யாரும் பார்க்காத புதுப் படிகம் உள்ளே முளைச்சது. அது கரையவே மாட்டேன்னுது. கேப்சூலைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் வந்தது ஃப்ரிட்ஜில் வைக்கிற கேப்சூல். அதே ரிட்டோனாவிரை லோபினாவிரோடு சேர்த்த காலெட்ராவும் அப்படித்தான்: வெளியே வச்சா 25 டிகிரிக்குள்ள ரெண்டு மாசம் தாங்கும். எங்க கரிசக்காட்டுல மார்கழி மத்தியானமே அதுக்கு இறங்குறது அபூர்வம். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்ல இன்சுலினை வைக்கச் சொல்லிக் கேக்கலாம். இந்த மருந்தைக் கேக்க முடியுமா? வாயைத் திறந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்.

2005-ல் வழி பிறந்தது. ரெண்டு மருந்தையும் கோபோவிடோன் என்ற பாலிமரோடு சூடாக்கி, சாத்தூர் சேவு பிழியற மாதிரி எந்திரத்துல பிழிஞ்சு மாத்திரையாக்கினார்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம். ஒரு நாளைக்கு ஆறு கேப்சூல் போட்டவங்களுக்கு நாலு மாத்திரை போதும். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிச்ச நம்ம நாட்டுல, முதல் மருந்துகள் பலிக்காமப் போனவங்களுக்கு 2008-ல் தாம்பரத்திலும் மும்பையிலும் இலவச ரெண்டாங்கட்ட சிகிச்சை தொடங்குச்சு. அதுல இந்த மருந்துக் கூட்டணியும் உண்டு. மருந்து டப்பாவை டிரங்குப் பெட்டியில, சேலைக்கு அடியில வச்சுக்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அதுதான் பெரிய கண்டுபிடிப்பாத் தெரியுது.

மருமகளுக்குன்னு வாங்குன பஞ்சு மிட்டாய் கோவில்பட்டி வர்றதுக்குள்ள பைக்குள்ளேயே சுருங்கிக் கிடந்துச்சு. பாலிதீன் பையும் பாலிமர்தான். ஆனா வெளியே நின்னா எப்படி? உள்ளே புகுந்துல்ல நிக்கணும் :-)

டிஸ்கி: ரோடமின்-பி சாயம் போட்ட பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட்டது. நான் வாங்குனது வெள்ளைங்கோ!