மன்னிப்புக்கு நாற்பத்தொன்பது ஆண்டுகள்

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் திகதி அப்பலோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் உட்பக்கமொன்றில் சிறியதொரு திருத்தம் வெளிவந்தது. 1920ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி தன் ஆசிரியர் பக்கத்தில் எழுதிய குறிப்பொன்றை அப்பத்திரிகை அதில் நினைவூட்டியது. பதினேழாம் நூற்றாண்டில் நியூற்றன் கண்ட உண்மை மேலதிக ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டுவிட்டது. றொக்கெற் வளிமண்டலத்தில் இயங்குவது போலவே வெற்றிடத்திலும் இயங்கும் என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது. நேர்ந்த தவறுக்கு வருந்துகிறோம் என்பது அதன் சாரம். வேடிக்கையாக எழுதப்பட்ட திருத்தந்தான். வாசித்தவர்கள் அன்று சிரித்தார்கள். எடுத்துச் சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள். ஆனால் 1920இல் நடந்தது அவ்வளவு எளிதாகச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய காரியமன்று.

றொபேட் கொடார்ட் என்பவர் மசாச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர். பலூன்கள் எட்டமுடியாத உயரத்திற்குக் கருவிகளைச் செலுத்தி வளிமண்டலத்தை ஆராய வேண்டுமென்பது அவருடைய நோக்கம். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1917இல் அவருக்கு 5,000 டொலர் வழங்கியது. தம் ஆய்வின் முடிவுகளை அவர் 69 பக்கங்களில் எழுத, அந்நிறுவனமே அதனை நூலாக வெளியிட்டது. கணக்குகளும் சோதனை அட்டவணைகளும் நிறைந்த வறண்ட நூல். அதன் பிற்பகுதியிலே, போதிய வேகம் பெற்ற றொக்கெற் பூமியை விட்டே நீங்கிவிடும் என்பதை விளக்க ஓர் உதாரணம் காட்டினார். பளிச்சென்று எரியும் மருந்துத் தூளைச் சந்திரனின் இருண்ட பகுதிக்கு அனுப்பி வெடிக்கச் செய்தால், இங்கிருந்தே தொலைகாட்டியில் அந்த ஒளியைக் காணலாம் என்பதே அது.

1920 ஜனவரி 12ஆம் திகதி ரைம்ஸின் முதற்பக்கத்தில் சந்திரனை எட்டக்கூடிய றொக்கெற் பற்றிய செய்தி வந்தது. வளிமண்டல ஆராய்ச்சி மூலைக்குப் போயிற்று. மறுநாளே அதே பத்திரிகையின் ஆசிரியர் பக்கம் அவரை எள்ளி நகையாடியது. காற்று மண்டலத்தைத் தாண்டிய பின் றொக்கெற் எதனை உதைத்துக் கொண்டு முன்னேறும்? வெறும் வெற்றிடத்தை உதைக்க முடியுமா? தாக்கத்துக்கும் மறுதாக்கத்துக்கும் உள்ள உறவு இப்பேராசிரியருக்குத் தெரியவில்லை. உயர்தரப் பாடசாலைகளில் நாள்தோறும் பிள்ளைகளுக்கு ஊட்டப்படும் அறிவுகூட இவரிடம் இல்லைப் போலும் என்று எழுதியது. முதல் நாள் அற்புதத்தை விற்றவர்களே மறுநாள் ஏளனத்தை விற்றார்கள். இரண்டுக்கும் அந்த 69 பக்கங்களை வாசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

வாசித்திருந்தால் விடை அங்கேயே இருந்தது. காற்றகற்றிய குழாய்க்குள் வைத்துத் தம் சிறு றொக்கெற்றுகளைச் சுட்டுப் பார்த்து, உந்தும் விசை காற்றைத் தள்ளுவதால் வருவதன்று என்பதைக் கொடார்ட் அளந்தே காட்டியிருந்தார். இது சர்வகலாசாலைக்கு மட்டும் உரிய இரகசியமுமன்று. துவக்கைச் சுட்டவனின் தோளில் அடி விழுகிறது. குண்டு வெளியிலுள்ள காற்றை உதைத்ததனாலா அந்த அடி? ஊதிய பலூனின் வாயைத் திறந்துவிட்டால் அது பாய்கிறது. தன்னுள்ளிருந்து காற்றைப் பின்னே தள்ளியே அது முன்னே போகிறது. வெளிக்காற்று அதற்குத் தடையேயன்றித் துணையன்று. வகுப்பறையில் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடக் கூடிய விடயம். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் பத்திரிகை தன் வாசகனுக்குக் கொடுக்கவில்லை.

அதே குறிப்பில் இன்னொரு வாக்கியமும் உண்டு. இயக்கவியலின் அடிப்படை விதியை மறுக்க ஐன்ஸ்டைனுக்கும் அவர் தெரிந்தெடுத்த பன்னிரண்டு பேருக்கும் மாத்திரமே அனுமதி உண்டு என்ற கேலி அது. இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1919 நவம்பரிலே, சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைந்ததை அளந்த செய்தியைப் பிரசுரித்தபோது, ஐன்ஸ்டைனின் நூலை உலகிலே பன்னிரண்டு அறிஞரே விளங்கிக்கொள்ள முடியும் என்று தலைப்பிட்டது இதே பத்திரிகைதான். சாதாரண வாசகருக்கு விளங்கும்படி ஐன்ஸ்டைன் எழுதிய நூலொன்று 1917இலேயே ஜெர்மன் மொழியில் வெளிவந்திருந்தது. தானே கட்டிய கதையைத் தானே மேற்கோளாகக் காட்டிப் பத்திரிகை நீதி வழங்கியது. ஒரு நாள் விஞ்ஞானம் பன்னிரண்டு பேருக்கு மட்டும் புரியும் மந்திரம். இன்னொரு நாள் அது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. இரண்டு நாளும் வாசகன் தானே சோதித்துப் பார்க்கலாம் என்ற வழி அடைபட்டே இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியதால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இக்கேலி எழுதப்படுவதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1903இல், விண்வெளியை றொக்கெற்றுகளால் ஆராயலாம் என்று கணித ஆதாரத்துடன் ருஷ்ய சஞ்சிகையொன்றில் எழுதியவர் ஒரு பாடசாலை ஆசிரியரே. கலூகா நகரில் கற்பித்த சியோல்கோவ்ஸ்கி, சிறு வயதில் நோயினால் கேட்கும் திறனைப் பெரிதும் இழந்தவர். நூல்களைக் கொண்டு தாமே கற்றவர். வெளியேறும் வாயுவின் வேகத்தையும் எரிபொருளின் அளவையும் றொக்கெற்றின் வேகத்தோடு இணைக்கும் அவரது சமன்பாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இவ்வழக்கம் 1920இல் தோன்றியதன்று. அதன் மூதாதையைக் காண 1835ஆம் ஆண்டின் நியூயோர்க்குக்குப் போகவேண்டும். அங்கு மற்றப் பத்திரிகைகள் ஆறு சதத்துக்கு விற்ற காலத்தில், பெஞ்சமின் டே என்பவர் 1833இல் 'சன்' என்ற பத்திரிகையை ஒரு சதத்துக்கு விற்கத் தொடங்கினார். அதுவரை பத்திரிகை வாங்க வசதியற்றிருந்த தொழிலாளியின் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. இது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு சதத்தில் இலாபம் காண வேண்டுமானால் பிரதிகள் மிகுதியாக விற்கவேண்டும், விளம்பரங்கள் வரவேண்டும், தெருவில் பையன் கூவி விற்க நாள்தோறும் ஏதேனும் அதிசயம் வேண்டும்.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி தொடங்கி ஆறு கட்டுரைகள் வெளிவந்தன. நன்னம்பிக்கை முனையிலே ஜோன் ஹேர்ஷல் 24 அடி விட்டமுள்ள வில்லையைக் கொண்டு சந்திரனை நோக்கினாராம். அங்கே காடுகள், நீல நிற ஒற்றைக்கொம்பு விலங்குகள், இரண்டு காலில் நடக்கும் நீர்நாய்கள், ஈற்றில் வௌவாலின் சிறகு பூண்ட மனிதர்கள்! சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோன எடின்பரோ விஞ்ஞான சஞ்சிகையொன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்டது. ஹேர்ஷல் முனையில் இருந்தது உண்மை. அவருடைய தொலைகாட்டியின் ஆடியோ ஏறக்குறைய பதினெட்டு அங்குலம். மறுத்துரைக்க வேண்டிய மனிதரோ கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் செல்லும் தூரத்தில் இருந்தார். தன் பிரதிகள் 19,360 ஐ எட்டிவிட்டன, உலகிலேயே இது பெரிது என்று 'சன்' மார்தட்டியது.

எழுதியவர் றிச்சர்ட் அடம்ஸ் லொக் என்ற அப்பத்திரிகையின் நிருபர். கோள்களிலெல்லாம் மக்கள் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து எழுதிய தோமஸ் டிக் போன்ற மதபக்தர்களைப் பரிகசிக்கவே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் கூறினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பரிகாசம் என்று அச்சில் ஒரு சொல்லும் இல்லை. பத்திரிகை அதை மீளப் பெறவும் இல்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது கடைசிக் கட்டுரையின் அடியில் வந்த ஆசிரியர் குறிப்பு. மூலத்தில் இன்னும் நாற்பது பக்கக் கணித விளக்கங்கள் உண்டு. அவற்றைச் சேர்த்தால் அளவும் விலையும் கூடுமேயன்றிப் பொது வாசகருக்குச் சுவை கூடாது என்பதால் விட்டுவிட்டோம் என்றது அக்குறிப்பு. இல்லாத நாற்பது பக்கங்கள்! பொய்யைக் காப்பதற்கு இதனிலும் சிறந்த அரண் ஏது? ஹேர்ஷலோ முதலில் சிரித்தார். பின்பு ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் என நாலு மொழிகளிலும் இக்கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்.

1910இல் ஹலியின் வால்வெள்ளி வந்தபோது விளையாட்டு விபரீதமாயிற்று. அதன் வாலிலே சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதை யேர்க்ஸ் வானாராய்ச்சி நிலையம் கண்டது. பூமி அந்த வாலினூடே செல்லும்போது உயிர்கள் அழியக்கூடும் என்பது பிரெஞ்சு வானியலாளர் பிளமாரியனின் கருத்து எனப் பெப்ரவரியில் ரைம்ஸ் எழுதியது. பெரும்பாலான வானியலாளர் இதற்கு இணங்கவில்லை என்றும் அதே செய்தி சொன்னதுதான்; ஆனால் ஊர் ஊராகப் பரவியது முதல் வாக்கியமே. மே மாதத்தில் ஏழைகள் திறவுகோல் துவாரங்களைத் துணியால் அடைத்தார்கள். வால்வெள்ளி மாத்திரை விற்றவர்கள் காசு சேர்த்தார்கள். வாலின் அடர்த்தி அற்பத்திலும் அற்பம்; பூமியில் ஒருவருக்கும் மூச்சுத் திணறவில்லை.

கொடார்ட்டுக்கு நேர்ந்தது வேறு. சில நாட்களில் அவர் ஓர் அறிக்கை விட்டார். மருந்துத் தூளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், வளிமண்டல ஆராய்ச்சியைக் கவனிப்பாரில்லை என்பது அதன் பொருள். கேட்பாரில்லை. அதன் பின் அவர் பத்திரிகைகளிடமிருந்து ஒதுங்கிக்கொண்டார். 1926 மார்ச் 16ஆம் திகதி ஓபேர்ண் என்னும் ஊரில் உறவினரின் தோட்டத்திலிருந்து உலகின் முதலாவது திரவ எரிபொருள் றொக்கெற்றை அவர் ஏவினார். இரண்டரைச் செக்கன் பறந்து, 41 அடி உயர்ந்து, கோவாப் பாத்தியில் விழுந்தது. நூற்றாண்டின் பெருஞ் செய்திகளுள் ஒன்றான இதனைப் பத்திரிகை வாசகர் எவரும் அறியவில்லை. 1936இல் கொடார்ட் தம் அறிக்கையை வெளியிட்ட பின்பே பொதுமக்கள் அறிந்தனர். ஏளனத்தால் வாயடைக்கப்பட்டவர் பேசாதிருந்ததில் வியப்பென்ன? அவருடைய அளவுக்கு மீறிய இரகசியப் போக்கு சக ஆராய்ச்சியாளருக்கும் தடையாயிற்று என்ற குற்றச்சாட்டில் நியாயமுண்டு. 1929 ஜூலை 17இல் அவர் ஏவிய இன்னொன்றின் முழக்கம் கேட்டு அயலவர் பொலிசை அழைக்க, சந்திரனைத் தவறவிட்ட றொக்கெற் என்று மீண்டும் கேலி எழுந்தது. சரியாக நாற்பதாண்டு கழித்து, அதே ஜூலை 17இல், ரைம்ஸின் திருத்தம் வந்தது தற்செயலே. அக்கேலிக்குப் பின் மசாச்சூசெட்ஸில் ஏவத் தடை வந்தது. லின்ட்பேர்க்கின் முயற்சியால் குகன்ஹைம் குடும்பத்தின் பணம் கிடைத்து அவர் நியூ மெக்சிக்கோவுக்குப் பெயர்ந்தார். 1945 ஓகஸ்ட் 10ஆம் திகதி காலமானார்.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஸ்புட்னிக் ஏறியது. சோவியத் பத்திரிகைகள் குற்றமற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் செய்மதியை ஏவிய றொக்கெற்றின் பிரதம நிர்மாணி கொரொலெவ்வின் பெயர் 1966 ஜனவரியில் அவர் இறக்கும்வரை அச்சில் வரவில்லை. ககாரின் கலத்தை விட்டுப் பரசூட்டில் தனியே இறங்கிய உண்மை பல ஆண்டுகள் மறைக்கப்பட்டது. அங்கே மறைத்தது வியாபாரியன்று, அரசு, இழப்பு வாசகனுக்கே.

1959 ஜனவரியில் சந்திரனை நோக்கிச் சென்ற லூனா 1, பூமியிலிருந்து ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் சோடியம் ஆவியை வெளிவிட்டது. தொலைகாட்டிகளில் அது செம்மஞ்சள் முகிலாகத் தெரிந்தது. கொடார்ட்டின் மருந்துத் தூள் யோசனை வேறொரு வடிவில் நிறைவேறியது எனலாம். அவ்வாண்டு செப்டெம்பரில் லூனா 2 சந்திரனிலேயே போய் மோதியது. இவையனைத்தையும் நியூயோர்க் ரைம்ஸ் பெரிய எழுத்துக்களில் வெளியிட்டது. திருத்தம் வெளிவர இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.