மூளைக்கட்டி மருத்துவத்தில் நானோ துகள்கள்: ஒரு வரலாறு

மூளைப் புற்றுநோய்க்கான மருத்துவத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் பெரிய இடர், மருந்து போதிய அளவில் மூளைக்குள் சென்று சேராமையே ஆகும். ஆய்வுக்கூடத்தில் புற்று உயிரணுக்களைக் கொல்லும் பல மருந்துகள், இரத்தத்தில் செலுத்தப்படும்போது மூளையின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இந்தத் தடையைக் கடக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் ஒன்று, மருந்தை நானோ துகள்களில் ஏற்றி அனுப்புவது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் வரை அளவுள்ளவை.

சாயம் காட்டிய தடை

1885இல் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் உடலில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்தார். ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் நிறம் மாறின. மூளை மட்டும் மாறவில்லை. மூளைத் திசு சாயத்தை ஏற்கும் இயல்பு அற்றது என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மான் 1913இல் டிரிப்பன் நீலம் என்னும் சாயத்தை மூளைத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்தினார். இம்முறை மூளை நீலமாயிற்று. பிற உறுப்புகள் மாறவில்லை. எனவே மூளை சாயத்தை ஏற்கக்கூடியதே, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில்தான் ஏதோ ஒரு தடை உள்ளது என்பது புலனாயிற்று. இதுவே இரத்த-மூளைத் தடை எனப்படுகிறது.

தடை எங்கே இருக்கிறது என்பதை 1967இல் அமெரிக்காவில் தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி ஆகிய இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினர். மூளையின் நுண்குழல்களில் சுவராக அமைந்த உயிரணுக்கள், இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருந்தன.

மூளைக்கட்டிகளுள் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவின் நடுப்பகுதியில் இத்தடை ஓரளவு சிதைந்திருக்கும். ஆனால் கட்டியின் விளிம்பைத் தாண்டி நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிய உயிரணுக்கள், சிதையாத தடைக்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கின்றன. அறுவை மருத்துவத்துக்குப் பின் எஞ்சுபவை இவையே. நோய் மீண்டும் வளர்வதும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே.

துகள்களின் தோற்றம்

1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்காம், கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமாகவே நுண்ணிய குமிழ்களாக அமைவதை விளக்கினார். இவை லிப்போசோம்கள் எனப் பெயர் பெற்றன. அக்காலத்தின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பீட்டர் ஸ்பைசரின் குழு, மருந்தேற்றிய நானோ துகள்களை உருவாக்கத் தொடங்கியது.

1986இல் ஜப்பானின் குமமோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யசுஹிரோ மட்சுமுரா, ஹிரோஷி மயேடா ஆகியோர், புற்றுக்கட்டிகளின் இரத்தக் குழாய்கள் கசிவுடையவை, அக்கசிவின் வழியே பெரிய மூலக்கூறுகள் கட்டியில் தேங்குகின்றன என்று எடுத்துரைத்தனர். 1995இல் டாக்சோரூபிசின் மருந்தை லிப்போசோமில் அடைத்த டாக்சில், அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளைக்கட்டிகளில் இக்கசிவு சீராக இல்லாததால், பிற உறுப்புகளுக்கு உதவிய இவ்வழி மூளைக்குப் போதவில்லை.

மாறுவேடத்தில் நுழைதல்

துகள்கள் மிகச் சிறியவை என்பதால் தடையின் இடுக்குகளில் புகுந்துவிடும் என்று பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. சிறிய மருந்து மூலக்கூறுகளுக்கே வழிவிடாத இடத்தில், அவற்றைவிடப் பன்மடங்கு பெரிய துகள் இடுக்கு வழியாக நுழைய இயலாது.

அது வேறு வழியில் நுழையும் என்பதற்கான தொடக்கச் சான்றை 1995இல் பிராங்பர்ட் நகரில் யோர்க் குரோய்ட்டர் குழு அளித்தது. டலார்ஜின் என்னும் வலிநீக்கி, இரத்தத்தில் செலுத்தினால் மூளையை எட்டுவதில்லை. அதை நானோ துகளில் ஏற்றி, துகளின்மேல் பாலிசார்பேட் 80 என்னும் பொருளைப் பூசி எலிகளுக்குச் செலுத்தியபோது வலி குறைந்தது. இரத்தத்தில் உள்ள அபோலிப்போபுரதம் ஈ அந்தப் பூச்சின்மேல் ஒட்டிக்கொள்கிறது. நுண்குழல் உயிரணுக்கள் துகளை உடலின் சொந்தக் கொழுப்புத் துகளாகக் கருதி உள்வாங்குகின்றன என்று இதற்கு விளக்கம் தரப்பட்டது. 2004இல் இதே முறையில் டாக்சோரூபிசின் பெற்ற, கிளையோபிளாஸ்டோமா உள்ள எலிகளுள் 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை நெடுங்காலம் நோயின்றி வாழ்ந்தன.

மனிதரிடம் சோதனை

2005இல் வெளிவந்த ஆய்வின்படி, கதிரியக்கச் சிகிச்சையுடன் டெமோசோலோமைடு மாத்திரை சேர்த்தபோது கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. புதிய முறை எதுவும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகிறது.

2010இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற நானோதெர்ம் முறை தடையைக் கடக்க முயலவில்லை. இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டியிலேயே நேரடியாகச் செலுத்தி, மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றியது. 2021இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. இழைகள் போர்த்திய தங்கத் துகள்களை 8 நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்தி, பின்னர் அறுவையில் எடுத்த கட்டியில் தங்கம் இருந்ததை உறுதிப்படுத்தினர். 2023இல் அதே பல்கலைக்கழகக் குழு, மண்டையோட்டில் பொருத்திய மீயொலிக் கருவியால் தடையைச் சிறிது நேரம் திறந்து, அல்புமின் துகளில் பிணைத்த பாக்ளிடாக்செல் மருந்தைச் செலுத்தியது. மூளையில் மருந்தின் செறிவு ஏறத்தாழ 3.7 மடங்கு உயர்ந்தது.

ஆயினும் இரத்தத்தில் செலுத்தும் நானோ மருந்து எதுவும் கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான மருத்துவமாக இன்னும் ஆகவில்லை. துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பத்தாண்டுக் கால விலங்காய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பலவகைக் கட்டிகளிலும் செலுத்திய அளவில் இடைநிலையாக 0.7 விழுக்காடே கட்டியை அடைந்தது என்று கணக்கிட்டது. எலியின் மூளையைவிட மனித மூளை பெரிது. மனிதரின் கட்டியும் ஒரே சீரானதன்று. எனவே எலியில் கிடைத்த வெற்றி மனிதரிடம் அப்படியே திரும்புவதில்லை. அண்மைய ஆய்வுகள், நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதோடு, மருந்து உண்மையில் மூளைக்குள் சென்றதா என்பதையும் திசுவை எடுத்து அளக்கின்றன. மருந்து பயனற்றதா, போய்ச் சேரவில்லையா என்பதைப் பிரித்தறிய இந்த அளவீடே வழி.