பழைய கணினிக்கு வேறு புரொசெசர்: மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

படுவான்கரையில் எங்கள் வீட்டில் இருப்பது பென்டியம் 4 கணினி. காணாமல் ஆக்கப்பட்ட அண்ணாவின் படங்களும் முறைப்பாட்டுப் பிரதிகளும் அதில்தான் இருக்கின்றன. அதனால் கணினியை வீசாமல் புரொசெசரை மட்டும் மாற்றினேன்.

2004இல் வந்த எல்ஜிஏ 775 சொக்கெட்டில் பென்டியம் 4, கோர் 2 டுவோ இரண்டும் பொருந்தும். முந்திய 478 சொக்கெட்டில் கோர் 2 டுவோ பொருந்தாது. சொக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. மதர்போட்டின் சிப்செட்டும் பயோஸும் புதியதை ஏற்க வேண்டும். மதர்போட்டில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்து, தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். பயோஸைப் புதுப்பிப்பதானால் பழைய புரொசெசர் இருக்கும்போதே செய்யுங்கள். 775இல் ஊசிகள் சொக்கெட்டில்தான் இருக்கும், விரல் படக்கூடாது. பழைய தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

புரொசெசரை மாற்றுவதால் ஹாட் டிஸ்கில் உள்ளவை அழியா. ஆனாலும் முதலில் இரண்டு பிரதிகள் எடுத்தேன். ஒன்று வாவிக்கு அக்கரையில், அக்காவின் வீட்டில் இருக்கிறது.